மேயப் போன கோழி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் படித்து, கல்யாணம் முடித்து, தலைநிமிர்ந்துதான் நடக்கின்றன. நாகல் நகரில் என் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க வேண்டும். பெரிய மகனின் மகள் ஷைனி, காந்திகிராமத்தில் படிக்கிறவள், தன் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தாள். "எழுதுங்க அப்பத்தா, தப்பு இருந்தா நான் பின்னாடி திருத்திக்கிறேன்" என்றாள். திருத்தட்டும். அவள் அவசரத்துக்கு நான் எழுத முடியாது. நீங்களும் அவசரப்படாமல் உட்காருங்கள்.

போன வாரம் கூரியர்க்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். பெரியவன் பெயருக்கு வந்தது. அவனுக்கு ஐம்பத்துநாலு வயது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர். முன்தலையில் முடி போய் வெகுநாளாகிவிட்டது. மில் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தவன் கால்கூடக் கழுவாமல் கத்தரிக்கோலைத் தேடினான். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்கள், புது பிளாஸ்டிக்கும் பெயிண்டும் கலந்த வாசம். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு சிவப்புக் கார், கண்ணாடி போன்ற உறைக்குள். உறையை அவன் பிரிக்கவில்லை. நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பீரோ மேல் வரிசையாக நிற்கிற மற்றக் கார்களுக்குப் பக்கத்தில் வைத்தான். எல்லாம் உறைக்குள்தான் இருக்கின்றன. ஒன்றைக்கூட அவன் தரையில் உருட்டி நான் பார்த்ததில்லை.

மருமகள் அடுப்படியில் இருந்தபடியே, பேரன் எடுக்கிற வயசில் பொம்மைக் கார் வாங்குகிற மனுசனை இந்த வீட்டில்தான் பார்க்கிறேன் என்றாள். நான் மருமகள் பக்கம் பேசுவது அபூர்வம். அன்றைக்கு மட்டும் அவள் கேட்டது சரிதானே என்று தோன்றி, "பிரிச்சுத்தான் வையேன்டா, எதுக்கு அடைச்சே வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"தொறந்து வச்சா யாராச்சும் எடுத்துக்கிருவாங்கம்மா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் எமிலியைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயிண்ட் வாசம் எமிலி வீட்டுக் கண்ணாடி அலமாரியின் வாசம்.

எமிலி என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. பள்ளிக்கூட டீச்சர். இப்போதும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அவள் கல்யாணமாகி வந்த அன்றே எனக்குப் பொறாமை. கோயிலில் தாலி கட்டும்போது அவள் கையில் கடிகாரம் இருந்தது. எங்கள் வீட்டில் என் மாமனாரே அதுவரை கடிகாரம் கட்டினவர் இல்லை. அப்புறம் அவள் குடை, அவள் தோல்பை, அவள் பேனா. காலையில் அவள் பஸ்ஸுக்கு நடந்து போகும்போது இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று நான் வாசலில் நிற்பேன். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சொல்லில் ஒரு குறையும் கிடையாது. குறை இல்லாததுதான் எனக்கு எரிச்சல்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. மாதம் ஒரு பொம்மை வாங்குவாள். கோயில் திருவிழாக் கடையில், பஸ் நிலையத்தில், மதுரைக்குப் போனால் அங்கே. ரப்பர் வாத்து, தகர பஸ், தலையாட்டுகிற தாத்தா, படுக்கவைத்தால் கண்ணை மூடுகிற வெள்ளைக்காரப் பொம்மை. கொழுந்தனார் அவளுக்காகக் கண்ணாடி போட்டு ஓர் அலமாரி செய்துகொடுத்தார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைப்பாள். துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பாள்.

தெருக்குழாயில் பெண்கள் பேசாத பேச்சில்லை. பிள்ளை இல்லாத ஏக்கத்துக்குப் பொம்மையைக் கொஞ்சுகிறாள் என்றார்கள். டீச்சருக்கு மரை கழண்டுவிட்டது என்றார்கள். அதிலே என் குரல்தான் பெரிய குரல். இத்தனைக்கும் அதே தெருவில் தோல் பதனிடுகிற ஷாப் முதலாளி ஒருவர் சுவர் நிறையப் பழைய கடிகாரங்களாக வாங்கி மாட்டியிருந்தார். ஒன்றுகூட ஓடாது. அவரை ரசனைக்காரர் என்றோம். ஒரு கிழவர் மொட்டைமாடியில் புறா வளர்த்தார், அவர் பெண்டாட்டிக்குச் சோறு போட்டாரோ இல்லையோ புறாவுக்குக் கம்பு போட்டார். அவரையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எமிலியின் ரப்பர் வாத்து மட்டும் எங்கள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன், எதற்கு இம்புட்டு என்று. ஏக்கம், குறை என்று ஏதாவது சொல்வாள், நான் ஆறுதல் சொல்லலாம், சொல்லிவிட்டு அவளைவிடக் கொஞ்சம் உயரமாக வீட்டுக்கு நடந்து வரலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"பகலெல்லாம் நாப்பது பிள்ளைகளக் கட்டி மேய்க்கிறேன்க்கா. ஒண்ணுக்குப் போகணும், பலப்பம் இல்ல, அவன் கிள்ளிட்டான். இதுக ஒண்ணும் கேக்காதுக. வச்ச எடத்துல இருக்கும்" என்றாள்.

அன்றைக்கு நான் உயரமாக நடந்து வரவில்லை. ஏனென்றால், இது நான் சொல்ல வேண்டிய பதில். ஆறு வயதில் என் அம்மா என் தங்கச்சியை என் இடுப்பில் வைத்தாள். அவள் இறங்குவதற்குள் தம்பி. அப்புறம் என் கல்யாணம், அப்புறம் என்னுடையவை. இடுப்பு காலியாக நான் நின்றதே இல்லை. என் கைக்கு வந்தது எல்லாம் அழுகிறது, பசிக்கிறது, நனைக்கிறது. கையில் எடுத்தால் பேசாமல் இருக்கிற ஒரு சாமான், வேண்டும் என்றால் ஓடுகிறது, போதும் என்றால் நிற்கிறது, அப்படி ஒன்று என் கையில் வந்ததே இல்லை. குழாயடியில் நான் அவளைச் சிரித்ததற்குக் காரணம் அவளுக்குப் பிள்ளை இல்லாதது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த அலமாரியில் ஒரு கோழி இருந்தது. தகரக் கோழி. எமிலியின் சித்தப்பா சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்தது. மஞ்சள் உடம்பு, சிவப்புக் கொண்டை, இறக்கையில் பச்சைக் கோடு. விலாவில் ஒரு ஓட்டை, அதில் சாவியை விட்டு முறுக்கினால் டக் டக் டக் என்று கொத்திக்கொண்டே அரை வட்டம் நடக்கும். கடைசியில் மெதுவாகி, தலையைக் கீழே போட்டபடி நிற்கும். என் பிள்ளைகள் அதைப் பார்க்கவே சித்தி வீட்டில் கிடந்தார்கள். நான் அவர்களைக் கூப்பிடப் போகிற சாக்கில் போவேன். எமிலி என் பிள்ளைகளைச் சாவி கொடுக்க விடுவாள். என்னைக் கேட்டதில்லை. பெரிய மனுஷியிடம் யார் கேட்பார்கள்? நானாகக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது குடில் கதைக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளில் குடில் வைப்போம். மூத்த மருமகள் என்பதால் எங்கள் குடும்பத்துக் குடில் என் பொறுப்பு. கொட்டாங்கச்சியில் கேப்பை முளைக்கவைத்துப் புல்லாக்குவேன். முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளமாக்குவேன். மாதா, சூசையப்பர், பாலன் இயேசு சொரூபங்களைச் சுற்றி வீட்டில் உள்ள பொம்மை எல்லாம் ஏறும். பெத்லகேமில் லாரி நிற்கும், ஆகாய விமானம் நிற்கும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீடுகளிலும் பொம்மை இரவல் வாங்குவோம். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ். பெரியவனுக்கு ஆறு வயது, அவனுக்குக் கீழே இரண்டு, நாலாவது என் வயிற்றில். குளக்கரைக்குக் கோழி வேண்டும் என்று எமிலியிடம் கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தாள். "சாவிய மட்டும் நான் வச்சுக்கிறேன்க்கா, பிள்ளைக முறுக்கி ஸ்பிரிங்க ஒடைச்சுப்புடும்" என்றாள். கோழி அந்தக் கண்ணாடிக் குளத்தில் தன் கொண்டையைப் பார்த்தபடி பன்னிரண்டு நாள் நின்றது. போக வர நானும் பார்த்தேன்.

குடிலைப் பிரிக்கிற அன்று எமிலி வந்து நின்றாள். என் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எமிலி கையை நீட்டினாள். எனக்கு எங்கே இருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"குடில்ல வச்சதத் திருப்பிக் கேக்கக் கூடாது எமிலி. அது பாலனுக்குக் குடுத்தது."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிஷம் நான் உண்டாக்கியது. எமிலி என் மாமியாரைப் பார்த்தாள். மாமியாருக்குத் தெரியாத வழக்கம் என்று ஒன்று இருக்கலாமா? வெற்றிலைச் சாற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "ஆமா, எங்க ஆத்தா காலத்துல இருந்தே அப்படித்தான்" என்றார்.

எமிலி கையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வருஷம் குடிலில் கோழி இல்லாததைப் பார்த்துக் கேட்டாள். துருப்பிடித்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்றேன். "ஓகோ" என்றாள். அவ்வளவுதான்.

கோழி என் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்குக் கீழே இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், கைப்பிள்ளை தூங்கி, அடுப்பில் இருந்து வெஞ்சனத்தை இறக்கிவைத்தபின் செத்த நேரம் கிடைக்கும். அப்போது எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். சாவி இல்லாத கோழி. விரலால் தள்ளினால் கரகரவென்று நகரும், கொத்தாது. கொத்துகிற சத்தத்தை நானே வாயால் போட்டுக்கொள்வேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, நானும் எமிலியைச் சிரித்தவள்தானே.

நான் உண்டாக்கிய வழக்கம் என்னைவிட வேகமாக ஊரில் நடந்தது. மாமியார் குழாயடியில் சொல்ல, குழாயடி தெருவுக்குச் சொல்ல, இரண்டே வருஷத்தில் அது பழைய சம்பிரதாயம் ஆகிவிட்டது. மூன்றாம் கிறிஸ்துமஸுக்குப் பெரியவன் தன் நீல ஜீப்பை எதிர்வீட்டுக் குடிலில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். எமிலி அவன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. குடில் பிரித்த அன்று வெறுங்கையோடு அழுதுகொண்டு வந்தான். நான் போய்க் கேட்டேன்.

"குடில்ல வச்சதக் கேக்கலாமாக்கா? நீங்களே சொன்னதுதான?" என்றாள் எதிர்வீட்டம்மா. அவள் மகன் பின்னால் ஜீப்பை உருட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வழக்கம் பொய் என்று சொன்னால் கோழி வெளியே வரும். பெரியவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பாலனுக்குக் கொடுத்ததை நினைத்து அழக்கூடாது என்று முதுகில் ஒன்று வைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை அழுகையை அப்படியே உள்ளே விழுங்கினான். தொறந்து வச்சா யாராச்சும் எடுத்துக்கிருவாங்கம்மா. இப்போது புரிகிறதா, போன வாரம் நான் ஏன் எழுந்து வாசலுக்குப் போனேன் என்று?

அதன்பிறகு தெருவில் யாரும் நல்ல பொம்மையை இரவல் கொடுக்கவில்லை. கை ஒடிந்தது, சக்கரம் போனது மட்டும் குடிலுக்கு வந்தன. எங்கள் தெருப் பாலன்கள் எல்லாம் நொண்டிக் குதிரைகளுக்கு நடுவில் பிறந்தார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படிப்பு, வேலை என்று வெளியூர் போய், பெரியவனுக்கும் கல்யாணமான பிறகு எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. ஊர் முழுக்கப் பூட்டுப் பட்டறை, ஒரு சாவிக்கா பஞ்சம் என்று கோழியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஓட்டைக்குள் பார்த்தார். எந்தப் பெரிய பூட்டுக்கும் அவர் சாவி போட்டுவிடுவாராம், இது வேறு மாதிரி இருக்கிறதாம். அசல் சாவியைக் கொண்டுவந்தால் பார்த்து இன்னொன்று செய்து தருகிறேன் என்றார். யாருடைய விளையாட்டுச் சாமான் என்று கேட்டார். பேரனுடையது என்றேன். அப்போது எனக்குப் பேரனே பிறந்திருக்கவில்லை. அசல் சாவி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் போனார். கொழுந்தனாரும் போனார். எமிலியும் நானும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். என் கையால் வைத்த மீன்குழம்பு அவளுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் குடிலைப் பார்க்க வருவாள், செத்த நேரம் நிற்பாள், "கொளத்தங்கர வெறிச்சுன்னு இருக்குக்கா" என்பாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பார்சல் வந்த மறுநாள் ஷைனி தன் செல்போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். யாரோ ஒரு பெண் செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு எமிலி வீட்டுக்குப் போயிருக்கிறாள். எமிலியின் அலமாரி இப்போது ஒரு சுவர் முழுக்க. எமிலி வெள்ளைப் புடவையில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பொம்மையாகக் காட்டுகிறாள். மரை கழண்டவள் என்று நாங்கள் சொன்னவளை, எப்பேர்ப்பட்ட மனுஷி என்று உலகமே சொல்கிறதாம். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று ஷைனி சொன்னாள், அந்தக் கணக்கு என் தலையில் ஏறவில்லை. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேனே, என்னைப் பார்க்க யாராவது குச்சியோடு வந்தார்களா என்றுதான் முதலில் தோன்றியது. வயது ஆனால் பொறாமை தளரும் என்று நினைக்காதீர்கள். முட்டிதான் தளர்கிறது.

நடுத்தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தில் ஒரு சின்னச் சாவி.

"இது என்ன டீச்சர், வெறும் சாவி மட்டும் இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

எமிலி சாவியை எடுக்கவில்லை. பார்த்தாள். "அது ஒரு கோழியோட சாவி. கோழி மேயப் போயிருக்கு. பொழுது சாயுதுல்ல, வந்துரும்" என்றாள்.

ஷைனி அழகாகப் பேசுகிறார்கள் இல்லையா என்றாள். நான் தண்ணீர் கேட்டேன்.

நாற்பத்தெட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, என் பக்கத்தில் முழங்காலில் நின்று செபம் சொல்லிக்கொண்டு, தெரிந்தே இருந்திருக்கிறாள். திருடி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் நான்தான் ஜெயிப்பேன். அவள் சொல்லவில்லை. அதிலும் அவளே ஒரு படி மேலே. இதற்கும் எனக்குப் பொறாமைதான், என்ன செய்ய?

இந்த வருஷம் எங்கள் வீட்டுக் குடிலை மகன் கடையில் ரெடிமேடாக வாங்கிவிட்டான். தெர்மகோலில் மாட்டுக்கொட்டில், ஒரே அளவில் ஆடுகள், சுவிட்ச் போட்டால் விளக்கு எரிகிறது. கேப்பை முளைக்கவைக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. லாரி ஏற இடமில்லை, விமானம் இறங்க இடமில்லை. திருவிழாவில் தகரப் பொம்மைக் கடை போட்ட இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். எதிர்வீடு இடித்து மூன்று மாடி எழும்பிவிட்டது, நீல ஜீப் எந்தக் குப்பையில் போனதோ. இரவல் கேட்கிறவளும் இல்லை, கொடுக்கிறவளும் இல்லை. அதனால் நான் உண்டாக்கிய வழக்கமும் செத்துவிட்டது. ஊரில் அதை மறக்காதவர்கள் நானும் எமிலியும்தான். பெரியவனைச் சேர்த்தால் மூன்று பேர்.

நான் வாயால் கேட்டுப் பழகாதவள். மன்னிப்பு என்ற சொல் செபத்தில் வரும், வீட்டில் வந்ததில்லை. அதனால்தான் எழுதினேன். ஒன்பது மத்தியானம் ஆயிற்று. நேற்று இதில் ஜீப் வருகிற பக்கத்தை மட்டும் பெரியவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். பீரோ மேல் இருந்து அந்தச் சிவப்புக் காரை எடுத்து, உறையைக் கத்தரித்து, என் கையில் வைத்தான். செத்த நேரம் என் கட்டில் விளிம்பில் உருட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவன் மூக்கைச் சிந்தப் போய்விட்டான்.

இந்தக் கடைசிப் பக்கத்தை எமிலி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷைனிதான் ஆட்டோவில் கூட்டிவந்தாள், வருகிறோம் என்று முன்னதாகப் போனும் போட்டிருந்தாள். என் காலடியில் ஒயர் கூடை. கூடைக்குள் துண்டு, துண்டுக்குள் அது. எதிர் நாற்காலியில் எமிலி பேப்பர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண் கூடைக்குப் போய்ப் போய் வருகிறது. நுழைந்ததுமே நான் அலமாரியின் நடுத்தட்டைப் பார்த்துவிட்டேன். சாவி அங்கே இல்லை. அவள் வலது கை மூடியே இருக்கிறது.

கோழியைக் கொடுத்துவிடுவேன். அவள் அலமாரியில், அவள் வைத்த இடத்திலேயே அது நிற்கட்டும். ஆனால் முதல் தடவை சாவி நான்தான் கொடுப்பேன். அதை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

"ஷைனி, இங்க வா. எனக்கு எழுபத்தாறு வயசுன்னு இருக்குல்ல, அங்க இருந்து வாசி. சத்தமா வாசி ஆத்தா, டீச்சருக்கு ஒரு காது மந்தம்."